பத்து வேலைநாள்

போன மாதம் ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளம்பர மடலை அனுப்பி, "இது நல்ல இடமா? பையனைச் சேக்கலாமா?" என்று கேட்டிருந்தார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம். மடல் பளபளவென்று இருந்தது. புல்வெளி, பல நாட்டு முகங்கள், "உங்கள் இரண்டாவது வீடு" என்று ஒரு வாசகம். நல்ல இடமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதிலாக ஏஜெண்டிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். கட்டணத்தை எத்தனை தவணையில் கட்டலாம்? ஒரு தவணை தாமதமானால் எத்தனை நாளில் என்ன செய்வார்கள்? விசா கிடைக்காவிட்டால் முன்பணம் எப்போது திரும்ப வரும்?

ஏஜெண்டு சொன்ன பதில்: "சார், இதையெல்லாம் யாரும் கேக்கவே மாட்டாங்க."

கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றியது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 2022-23 கல்வியாண்டில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டே, முதுகலை மாணவர்களுக்கு வாரம் இரண்டு செமினார் வகுப்புகள் எடுத்தேன். வகுப்பு எடுப்பவர்தான் வருகைப் பதிவையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் போனில் ஒரு செயலியைத் திறந்து, திரையில் வரும் எண்ணைத் தட்டினால் வந்ததாகக் கணக்கு. யார் தட்டவில்லை என்பது என் பட்டியலில் சிவப்பாகத் தெரியும். வார இறுதியில் அந்தப் பட்டியலை உறுதிசெய்து ஒரு பொத்தானை அழுத்துவேன். அந்தச் சிவப்புப் புள்ளி எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த வகுப்பில் திண்டுக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். நல்ல பையன், கேள்வி கேட்பவன். பிப்ரவரியில் மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு. வேலைக்குப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டேன். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது விதி. கிடங்குகளில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வகுப்பில் தூங்குபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு முன்முடிவு உருவாகியிருந்தது. நாலாவது வாரம் வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்றான். "அண்ணே, நான் எல்லா கிளாசுக்கும் வந்தேன். நீங்களே பாத்தீங்கல்ல? அப்புறம் ஏன்ணே ஆப்சென்ட்னு மெயில் வருது?"

உண்மைதான். வந்திருந்தான். நான் திரையைப் பார்த்தேனே தவிர அவனைப் பார்க்கவில்லை.

நடந்தது இது. அவனுடைய படிப்புக்கடனை ஊர் வங்கி தவணை தவணையாகத்தான் விடுவிக்கும். ஒவ்வொரு முறையும் பல்கலைக்கழகத்தின் கட்டணக் கோரிக்கைக் கடிதத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது தவணைக்கான தேதி ஜனவரியில் தாண்டிவிட்டது. தேதி தாண்டியதும் அவனுடைய பல்கலைக்கழகக் கணக்கை முடக்கிவிட்டார்கள். கடிதத்தை எடுக்க வேண்டிய இணையப் பக்கம் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. கடிதம் இல்லாமல் வங்கி பணம் தராது; பணம் வராமல் கணக்கு திறக்காது. வருகைச் செயலிக்கும் அதே கணக்குதான். ஆகவே முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தவன் மூன்று வாரம் "வரவில்லை". கணக்கை முடக்கிய அலுவலகத்துக்கு வருகைப் பதிவு தெரியாது. வருகைப் பதிவைப் பார்ப்பவர்களுக்கு முடக்கம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நான், நானும் பார்க்கவில்லை.

இதில் பணம் வருமா என்பதைவிட அவனுக்குப் பெரிய பயம் விசா. அதைப் புரிந்துகொள்ள இங்கே மாணவர் விசா எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

2009 மார்ச்சில் பிரிட்டன் புள்ளிகள் அடிப்படையிலான மாணவர் விசா முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் உள்துறை அமைச்சகத்திடம் ஸ்பான்சர் உரிமம் வாங்கியாக வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு எண் கொடுக்கும். நம் பிள்ளைகள் "காஸ் வந்துடுச்சு" என்று சொல்வது இதைத்தான். அதை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். மாணவர் சேரவில்லை, படிப்பை விட்டுவிட்டார், நீக்கப்பட்டார் என்றால் பத்து வேலைநாளுக்குள் பல்கலைக்கழகம் அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு விசாக் காலம் குறைக்கப்படும். பொதுவாக 60 நாளில் வேறு இடம் பார்க்க வேண்டும் அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும். ஆக, முன்பு விமான நிலையத்தில் இருந்த எல்லை இப்போது வகுப்பறைக்குள் வந்துவிட்டது. நான் அழுத்திய பொத்தானும் அந்த எல்லையில் ஒரு சிறு கதவு.

பல்கலைக்கழகங்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "விதி அப்படி, எங்களுக்கு வேறு வழியில்லை." இந்த வாக்கியத்தைத்தான் நான் விமர்சிக்க நினைக்கிறேன். பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். 2012 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமத்தை எல்லை முகமை ரத்து செய்தது. மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 101 கோப்புகளில் கால்வாசிக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு நாட்டில் தங்க அனுமதியே இல்லை என்றது. வகுப்பு தொடங்கச் சில வாரமே இருந்தபோது 2,000-க்கு மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள், வேறு பல்கலைக்கழகம் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டு உரிமம் திரும்பக் கிடைத்தது. ஆனால் நாட்டில் உள்ள ஒவ்வொரு பதிவாளருக்கும் அந்தப் பயம் தங்கிவிட்டது.

இரண்டாவது சம்பவம் இன்னும் மோசம். 2014 பிப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, விசாவுக்கான டோயிக் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதைக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை. ஆனால் அதன் பிறகு தேர்வை நடத்திய நிறுவனம் குரல் பதிவுகளை ஆராய்ந்து தந்த கணக்கைப் பாருங்கள்: 58,000-க்கு மேற்பட்ட தேர்வுகளில் 58 சதவீதம் செல்லாதவை, 39 சதவீதம் கேள்விக்குரியவை. சந்தேகம் இல்லாதவை வெறும் 3 சதவீதம்! எந்த ஊரிலாவது ஒரு தேர்வில் 97 சதவீதம் பேர் சந்தேகத்துக்குரியவர்கள் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கணக்கை அல்லவா? அமைச்சகம் அப்படி நினைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனில் 57 தனியார் கல்லூரிகளின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2019-இல் வந்த தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, குற்றமற்றவர்களும் இதில் சிக்கியிருக்கலாம் என்பதைப் பார்க்கும் பொறுப்பை அமைச்சகம் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னது. அதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது. 2,500 பேரைப் பிடித்து அனுப்பியிருந்தார்கள், 7,200 பேராவது எச்சரிக்கைக்குப் பின் தாங்களே கிளம்பிப் போயிருந்தார்கள். பலருக்கு நாட்டைவிட்டு வெளியே போய்த்தான் மேல்முறையீடு செய்யலாம் என்ற நிலை 2017 வரை இருந்தது.

இப்படிப்பட்ட அமைச்சகத்தின் கீழ் உரிமம் வைத்திருப்பவர்கள் நடுங்குவதில் ஆச்சரியம் இல்லை. சேர்த்தவர்களில் விசா மறுக்கப்படுபவர்கள் 10 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று ஒரு அளவுகோல் இருந்தது. 2025 மே மாதம் வந்த வெள்ளை அறிக்கை இதை இன்னும் 5 புள்ளி இறுக்கப்போவதாக அறிவித்தது. பயப்படுகிறார்கள். சரி.

ஆனால் அந்தத் திண்டுக்கல் பையனின் விஷயத்துக்குத் திரும்பி வாருங்கள். தவணைத் தேதியை ஜனவரியில் வைத்தது யார்? அமைச்சகமா? கட்டணம் தாமதமானால் கணக்கை முடக்கு என்று எந்த விசா விதி சொல்கிறது? கட்டணக் கடிதம் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து முடக்கச் சொன்னது யார்? வருகைச் செயலியை அதே கணக்கோடு கட்டிவைத்தது யார்? எல்லாம் பல்கலைக்கழகம் தானாகச் செய்தது. பத்து வேலைநாள் என்ற விதி, மாணவரை நீக்குவது என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்த *பிறகு*தான் ஓடத் தொடங்குகிறது. அந்த முடிவை எப்போது எடுப்பது, யாரிடம் பேசிவிட்டு எடுப்பது, எத்தனை வாய்ப்பு கொடுப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. "வேறு வழியில்லை" என்பது கடைசிப் படிக்குப் பொருந்தலாம். அந்தப் படிவரை மாணவரை ஏற்றிக் கொண்டுவந்தது யார் என்பதுதான் என் கேள்வி.

2024 மே மாதம் செய்தியான டீசைட் பல்கலைக்கழக விவகாரம் இதற்குப் பொருத்தமான உதாரணம். 2023 ஜூனில் நைஜீரியா தன் நாணயத்தின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டதும் நைராவின் மதிப்பு சரிந்தது. சேமித்து வைத்த நைராவுக்கு வர வேண்டிய பவுண்டு சில மாதங்களில் பாதிக்கும் கீழே போனது. படிப்பின் நடுவில் இருந்த நைஜீரிய மாணவர்களால் தவணை கட்ட முடியவில்லை. சிலர் பல்கலைக்கழகப் பதிவிலிருந்து நீக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லப்பட்டார்கள். கட்டணம் கட்டாதது விசா ஆதரவின் நிபந்தனை மீறல், அமைச்சகத்துக்குத் தெரிவிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றது பல்கலைக்கழகம். அதே வாக்கியம்! ஒரு நாட்டின் நாணயம் விழுவதற்கு மாணவர் என்ன செய்வார்? அந்த நாட்டில் போய் ஆள் சேர்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, அந்த நாட்டின் நாணயம் விழுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதிவைக்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

கோவிட் நேரத்தை நினைத்துப் பாருங்கள். 2020-இல் நேரடி வகுப்பே இல்லை. மாணவர்கள் இணையம் வழியாகப் படித்தாலும் ஸ்பான்சர் பொறுப்பை விலக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்று அமைச்சகமே விதியைத் தளர்த்தியது. வளைக்க முடியாதது என்று சொல்லப்பட்ட ஒன்று சில வாரத்தில் வளைந்தது. அதே நேரத்தில் கிழக்கு லண்டனின் நியூஹாமில் இந்திய, வங்கதேச மாணவர்கள் இலவச உணவுக்கு வரிசையில் நின்றார்கள். பகுதிநேர வேலை போய்விட்டது, அரசு உதவித்தொகை எதையும் தொடக்கூடாது என்று விசாவிலேயே போட்டிருக்கிறது. சோறு போட்டது உள்ளூர்த் தொண்டு அமைப்பு.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் உள்நாட்டு இளங்கலை மாணவருக்கான கட்டண உச்சவரம்பு 2017-லிருந்து எட்டு வருடம் 9,250 பவுண்டிலேயே நின்றது. வெளிநாட்டு மாணவருக்கு உச்சவரம்பே கிடையாது. முழுச் செலவையும் வெளிநாட்டு மாணவரே தரவேண்டும் என்ற கொள்கை தாட்சர் அரசு 1980-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதையும் தாண்டி, உள்நாட்டு மாணவர்களின் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் விழும் துண்டை அடைப்பதும் அந்தப் பணம்தான். என்னுடைய ஆய்வகத்து விளக்கும் அதில்தான் எரிந்தது, மறைப்பானேன். 2022-23-இல் பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர்கள் ஏழரை லட்சத்துக்கும் மேல்.

கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதாகவும் காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் இது லண்டனில் மாதம் 1,483 பவுண்டு, மற்ற இடங்களில் 1,136 பவுண்டு என ஆனது. ஒன்பது மாதத்துக்கான தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் புரட்டிக் காட்டுவது நம் ஊரில் ஒரு தனித் தொழில். மருத்துவ சேவைக் கட்டணம் 2024 பிப்ரவரியில் வருடத்துக்கு 470-லிருந்து 776 பவுண்டாக ஏறியது. 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்றவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளை அழைத்துவர முடியாது. இதெல்லாம் அரசின் வேலை, பல்கலைக்கழகத்தின் மேல் பழி போட மாட்டேன். ஆனால் இத்தனையும் கட்டிவிட்டு வரும் ஒருவருக்கு ஒரு மாதத் தாமதத்தைத் தாங்கும் இடைவெளிகூட இருக்காது என்பது தவணை அட்டவணை போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏஜெண்டு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "எங்க சர்வீஸ் ஃப்ரீ சார்" என்பார். சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் தருகிறது. அந்தக் கமிஷன் மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போகிறது. தவணை தாமதமாகும்போது அந்த ஏஜெண்டு போனை எடுப்பதில்லை.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறொன்று. பையன் வாசலில் நின்று, "இப்ப நான் என்னண்ணே செய்யறது? விசா கேன்சல் பண்ணிடுவாங்களா?" என்றபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி இல்லாதவர் குடிவரவு ஆலோசனை சொல்வது இந்நாட்டில் குற்றம். பல்கலைக்கழகத்தில் அதற்கென்று இருக்கும் ஆலோசகர்தான் சொல்லலாம். பயிற்சியிலேயே எங்களை எச்சரித்திருந்தார்கள். "விசா ஆபீசுக்குப் போப்பா" என்றேன். அவன் சிரித்தான். "அங்கதான்ணே ரிப்போர்ட்டும் போடுறாங்க."

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவருக்கு விசா ஆலோசனை தரும் மேசையும், அமைச்சகத்துக்குத் தகவல் அனுப்பும் மேசையும் ஒரே அறையில், ஒரே மேலாளரின் கீழ் இருந்தன. உடம்பு சரியில்லை, அப்பா இறந்துவிட்டார், வேலை நேரம் கூடிவிட்டது என்று எதைச் சொன்னாலும் அது உதவியாகத் திரும்புமா, புகாராகத் திரும்புமா என்று மாணவருக்குத் தெரியாது. தெரியாததால் சொல்வதில்லை. சொல்லாததால் சிவப்புப் புள்ளி மட்டும்தான் பேசுகிறது. இரண்டு மேசையையும் பிரித்து வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஒரு சுவர் போதும். மனநல ஆலோசகர் கேட்டது நிர்வாகத்துக்குப் போகாது என்று உறுதி கொடுக்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி ஒரு உறுதி.

முறையீடு செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மாணவர் புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் முதலில் பல்கலைக்கழகத்தின் உள்முறையீடுகள் எல்லாம் முடிய வேண்டும், பிறகுதான் அங்கே போகலாம். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். விசாவுக்கு இருப்பது 60 நாள். உள்நாட்டு மாணவர் ஜெயித்தால் வகுப்புக்குத் திரும்புவார். நம் ஆள் ஜெயித்தால், திண்டுக்கல்லிலோ லாகோஸிலோ உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படிப்பார். ஒரே விதி எல்லோருக்கும் என்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் தோற்றால் இழப்பது ஒன்றாக இல்லாதபோது அது நியாயம் இல்லை. முறையீடு முடியும்வரை மாணவரைப் பதிவிலிருந்து நீக்காமல் வைத்திருப்பது என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவு செய்தால், பத்து நாள் கடிகாரம் தொடங்கவே தொடங்காது.

பையனுக்கு என்ன ஆயிற்று? எங்கள் துறை அலுவலகத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா இருந்தார். உள்ளூர்க்காரர், ஆராய்ச்சி மாணவர்கள் யாரும் அவரை அதிகம் கவனித்ததில்லை. அவரிடம் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். முதல் கேள்வியாக, "உன் வகுப்பில் அவன் இருந்தான் என்று எழுதித் தருவாயா?" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன், மூன்று வாரத் தவறையும் ஒப்புக்கொண்டு. நிதி அலுவலகத்துக்குப் போன் செய்து கடிதத்தை அச்சிட்டு வாங்கிவிட்டார். வருகைக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். மொத்தம் நாற்பது நிமிடம். மார்ச் நடுவில் வங்கிப் பணம் வந்தது. பையன் படித்து முடித்தான். அந்த நாற்பது நிமிடத்தில் எந்த விசா விதியும் மீறப்படவில்லை.

அதே வகுப்பில் நைஜீரியப் பெண் ஒருவரும் இருந்தார், இரண்டு குழந்தைகளின் தாய். அவருடைய சிவப்புப் புள்ளிகளைப் பற்றி நான் யாரிடமும் போய்ப் பேசவில்லை. அவர் வாசலில் வந்து நிற்கவில்லை, "அண்ணே" என்று கூப்பிடவும் இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டபோது, தனியுரிமை காரணமாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

உறவினருக்கு நேற்று திரும்ப எழுதினேன். தவணை எத்தனை என்று மட்டும் ஏஜெண்டு விசாரித்துச் சொல்லியிருக்கிறார்: இரண்டு. மற்ற இரண்டு கேள்விகளைப் பல்கலைக்கழகத்துக்கே நேராக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். துறை அலுவலகத்து அந்த அம்மாவிடம் அந்த ஊர் நிலவரம் கேட்கலாம் என்று பார்த்தேன். போன வருட ஆட்குறைப்பில் விருப்ப ஓய்வு வாங்கிப் போய்விட்டாராம். அவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பொது மின்னஞ்சல் முகவரி இருக்கிறது.